ஸ்பெயின் மக்களின் அன்றாட வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

கேள்வி இதுதான்: மகள் செப்டம்பரில் ஸ்பெயினில் உள்ள சரகோசா நகருக்கு முதுநிலைப் படிப்புக்குப் போகிறாள், அங்கே மக்களின் பழக்கவழக்கம் எப்படி, காளைச் சண்டை, ஃபிளமெங்கோ, மதியத் தூக்கம் என்று கேள்விப்படுவதெல்லாம் உண்மைதானா என்று ஒரு அப்பா கேட்டிருக்கிறார். நான் சில வருடங்கள் அந்த நாட்டில் வேலை பார்த்தவன், இன்றும் அங்கே நெருங்கிய நண்பர்கள் உண்டு. பயணக் கையேட்டில் இருப்பதை விட்டுவிட்டு, அங்கே போய் வாழப்போகிற ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். ஸ்பெயின்காரர்களின் சமூக வாழ்க்கை வீட்டுக்கு வெளியே நடக்கிறது. வீடு தூங்கவும், நெருங்கிய சொந்தங்களோடு சாப்பிடவும்தான். நண்பரைப் பார்ப்பது, அரட்டை, பிறந்தநாள், அரசியல் வாக்குவாதம், காதல் எல்லாமே தெருவிலும் ஊர்ச் சதுக்கத்திலும் பாரிலும். பல வருடம் பழகிய நண்பரின் வீட்டுக்குள் ஒரு தடவைகூடக் காலடி வைக்காதவர்கள் அங்கே ஏராளம், அதில் யாருக்கும் மனக்குறை கிடையாது. அதனால் உங்கள் மகளை யாரும் வீட்டுக்கு அழைக்கவில்லை என்றால் ஒதுக்குகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். "கீழே இறங்கி வா" என்று கூப்பிட்டார்கள் என்றால் அதுதான் அழைப்பு.

சரி, கடிகாரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் போனவுடன் உடம்பு படுகிற முதல் பாடு அதுதான். மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், ராத்திரிச் சாப்பாடு 9 அல்லது 10 மணிக்கு. அரசுத் தொலைக்காட்சியின் முக்கியச் செய்திகளே மதியம் 3 மணிக்கும் இரவு 9 மணிக்கும்தான் வருகின்றன. இதைச் சோம்பேறித்தனம் என்று வடக்கு ஐரோப்பியர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது பெரிய அநியாயம். வரைபடத்தைப் பார்த்தால் ஸ்பெயினின் பெரும்பகுதி கிரீன்விச் கோட்டுக்கு மேற்கே இருக்கிறது, பிரிட்டனுக்கு நேர் கீழே. இருந்தும் ஜெர்மனி, போலந்து நாடுகளின் நேரத்தை வைத்திருக்கிறார்கள். 1940 மார்ச்சில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் அதைத் திருப்பி வைக்கவே இல்லை. கோடையில் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவதே சுமார் 2:15 மணிக்கு. ஆக 2:15-க்குச் சாப்பிட உட்காருகிறவர், சூரியக் கணக்கில் சரியாக உச்சிவேளையில்தான் சாப்பிடுகிறார். ஜூன் மாதம் அங்கே பொழுது சாயவே இரவு 9:45 ஆகும், அதற்கு முன்னால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எப்படி மனசு வரும்? இதோடு உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய வறுமைக் காலத்தில் பலர் ஒரே நாளில் இரண்டு வேலை பார்த்ததும் சேர்ந்து, மதியம் நீண்ட இடைவேளை, மாலையில் தாமதமாக முடியும் வேலை என்கிற வழக்கம் ஊறிப்போய்விட்டது.

அந்த இடைவேளையைத்தான் வெளியூர்க்காரர்கள் மதியத் தூக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2 மணியிலிருந்து 5 மணி வரை சின்னக் கடைகள் ஷட்டர் இறக்கியிருப்பது உண்மை. ஆனால் உள்ளே எல்லோரும் படுத்துத் தூங்குகிறார்கள் என்பது கற்பனை. வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு வாரநாளில் அதற்கு வாய்ப்பே கிடையாது. விடுமுறையிலும் ஆகஸ்ட் வெயிலிலும் தூங்குவார்கள், தெற்கே அந்தலூசியாவில் 40 டிகிரி அடிக்கும்போது வேறு என்னதான் செய்வது. ஜன்னலுக்கு வெளியே சுருட்டி இறக்குகிற கனமான மறைப்பு ஒன்று ஏறத்தாழ எல்லா வீட்டிலும் இருக்கும், அதை இறக்கிவிட்டால் பட்டப்பகலில் அறை கும்மிருட்டு. உங்கள் மகளுக்கு முக்கியமான செய்தி வேறு: மதியம் 4 மணிக்கு மேல் பசித்தால் பல உணவகங்களில் அடுப்பு அணைந்திருக்கும், இரவு 8:30 வரை சூடான சாப்பாடு கிடைப்பது கஷ்டம். மாலை 6 மணி வாக்கில் ஏதாவது கொறிப்பதற்கென்றே ஒரு வேளை உண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கட்டாயம்.

இனி பார் என்கிற இடத்தைப் பற்றி. பார் என்றதும் சாராயக் கடையை மனதில் வைத்துக்கொண்டு பதற வேண்டாம். காலை 7 மணிக்குத் திறக்கும், காப்பியும் தக்காளி தேய்த்த ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் தருவார்கள், 11 மணிக்கு அலுவலகக்காரர்கள் சாண்ட்விச் சாப்பிட வருவார்கள், மதியம் முழுச் சாப்பாடு, சாயங்காலம் பாட்டிகள் சீட்டாடுவார்கள், தள்ளுவண்டியில் குழந்தை தூங்கும், மேசைக்கு அடியில் நாய் படுத்திருக்கும். ஆள் குறைந்துகொண்டே வரும் உள்நாட்டுக் கிராமங்களில் கடைசி பாரும் மூடிவிட்டால் ஊரே செத்துவிட்டது என்று சொல்வார்கள். அது வெறும் பேச்சு இல்லை. பல சின்ன ஊராட்சிகள் பாரை எடுத்து நடத்த முன்வரும் குடும்பத்துக்கு வீட்டையும் சேர்த்துக் கொடுக்கின்றன, அப்போதாவது பெரியவர்களுக்குக் கூடிப் பேச ஓர் இடம் இருக்குமே என்று.

குடிப்பதும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அளவு சின்னது. கான்யா என்கிற சிறு கோப்பை பீர், கூடவே தின்ன ஏதாவது ஒன்று. கையில் கோப்பை இருந்தால் வாயில் உணவும் இருக்க வேண்டும் என்பது கிட்டத்தட்ட ஒரு விதி. தடுமாறி விழுகிற அளவுக்குக் குடிப்பது மரியாதைக் குறைவு. மது வேண்டாம் என்பவர் எலுமிச்சை சோடாவோ, ஆல்கஹால் இல்லாத பீரோ வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் கூட்டத்தோடு நிற்கலாம், ஏன் குடிக்கவில்லை என்று யாரும் நச்சரிக்க மாட்டார்கள். பானத்தோடு தின்னும் சிறு தட்டுகளான தாபாஸ் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. கிரனடா, அல்மெரியா, லெயோன் போன்ற ஊர்களில் பானம் வாங்கினால் தட்டு இலவசமாகவே வரும். பாஸ்க் பகுதியின் சான் செபாஸ்தியானில் கவுண்டர் முழுக்க அடுக்கி வைத்திருக்கும், குச்சி குத்திய சிறு தின்பண்டங்களான பின்ச்சோக்களை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு நாம்தான் கணக்குச் சொல்ல வேண்டும், அந்தக் காலத்தில் குத்தியிருக்கும் குச்சிகளை எண்ணிக் காசு வாங்குவார்கள். சரகோசாவில் எல் தூபோ என்கிற குறுகலான சந்துகளில் ஒவ்வொரு பாருக்கும் ஒரு கைராசிப் பண்டம் உண்டு, ஒன்றில் காளான், அடுத்ததில் வேறொன்று. அங்கே ஒரே இடத்தில் உட்கார்ந்து வயிற்றை நிரப்புவதில்லை, ஒரு கடி, ஒரு மடக்கு, அடுத்த வாசல். காசு கொடுப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது: ஆளாளுக்குத் தனிக் கணக்குப் போடாமல், இந்தக் கடை நீ, அடுத்த கடை நான் என்று போகும். எப்போதும் அடுத்தவர் கொடுக்கட்டும் என்று நிற்பவரை எல்லோரும் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். பிறந்தநாள் என்றால் பிறந்தநாள்காரர்தான் வாங்கித் தர வேண்டும்.

மதியச் சாப்பாட்டில் மாணவர்களுக்கு வரப்பிரசாதம் மெனு டெல் தியா. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, பானம், இனிப்பு அல்லது காப்பி, எல்லாம் சேர்த்து ஒரே விலை, பல ஊர்களில் இன்றும் 12 முதல் 16 யூரோவுக்குள் முடிந்துவிடும். 1960-களில் சுற்றுலாவை வளர்க்க அரசே உணவகங்களுக்குக் கட்டாயமாக்கிய ஏற்பாடு இது, பிறகு உள்ளூர்த் தொழிலாளர்களின் சாப்பாடாக மாறிவிட்டது. சைவம் என்றால் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. அங்கே பன்றித் தொடையை உப்பிட்டு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் உலரவைத்துச் சீவித் தரும் ஹாமோன் இறைச்சியாகவே கணக்கில் வராது போல, பருப்பிலும் கீரையிலும் தூவி வைத்திருப்பார்கள். காய்கறி சாண்ட்விச் என்று எழுதியிருக்கும், உள்ளே டூனா மீனும் முட்டையும் இருக்கும். ஆகவே "இறைச்சி இல்லை" என்று மட்டும் சொன்னால் போதாது, ஹாமோன் வேண்டாம், மீன் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சரகோசா வட்டாரத்துக்கே உரிய பொர்ராஹா என்கிற தண்டுக் காய் ஒன்று உண்டு, உருளைக்கிழங்கோடு வேகவைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள், அருமையாக இருக்கும். முட்டை சாப்பிடுவாள் என்றால் கவலையே இல்லை, உருளைக்கிழங்கு ஆம்லெட்டான தோர்த்தியா எந்த பாரிலும் கிடைக்கும். அதில் வெங்காயம் போட வேண்டுமா கூடாதா என்பதில் நாடு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நான் வெங்காயக் கட்சி. இன்னொன்று, வலென்சியாக்காரர் யாரிடமும் பாயேயாவில் சோரிசோ தொத்திறைச்சி போடலாமா என்று கேட்டுவிட வேண்டாம். அவர்களுடைய பாயேயா கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், பெரிய வெள்ளை மொச்சை போட்டு மதியத்தில் மட்டும் சாப்பிடுகிற சோறு.

சாப்பிட்டு முடித்ததும் யாரும் எழுந்துவிடுவதில்லை. தட்டை எடுத்த பிறகும் காப்பியோடு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை என்றால் மூன்று மணி நேரம் அதே மேசையில் பேச்சு ஓடும். இதற்கு சோப்ரெமெசா என்று பெயர். கடைக்காரரும் பில்லை நீட்டி விரட்ட மாட்டார், நாம் கேட்டால்தான் கொண்டுவருவார். அங்கே மனிதர்கள் ஒருவரையொருவர் உண்மையாகத் தெரிந்துகொள்வது இந்த நேரத்தில்தான், முன்னால் வரும் சாப்பாடு அதற்கு ஒரு சாக்கு என்றே எனக்குத் தோன்றும். குரல்கள் உயரும், ஒருவர் பேசும்போதே இன்னொருவர் நடுவில் பாய்வார், பார்ப்பவருக்குச் சண்டை போலத் தெரியும். சண்டை இல்லை, ஆர்வம். உங்கள் மகள் தன் முறை வரட்டும் என்று காத்திருந்தால் முறை வரவே வராது, அவளும் பாய வேண்டியதுதான்.

சில சின்னச் சின்ன நடைமுறைகள் முதல் வாரத்திலேயே தேவைப்படும். சந்தையிலும் மருத்துவர் அறை வாசலிலும் வரிசை என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆளாளுக்கு ஒரு மூலையில் நிற்பார்கள். உள்ளே நுழைகிறவர் "கடைசி ஆள் யார்?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும், ஒருவர் கை தூக்குவார், அவருக்கு அடுத்தது நாம். அவ்வளவுதான், இந்த முறை தவறியதே இல்லை. லிஃப்டில் ஏறினால் முன்பின் தெரியாதவருக்கும் வணக்கம், இறங்கும்போது விடைபெறும் சொல். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் போகிறவர் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்திவிட்டுப் போவார். அறிமுகத்தில் பெண்களுக்குள்ளும், ஆண் பெண் இடையிலும் இரு கன்னத்திலும் கன்னம் ஒட்டி இரண்டு முத்தம், அது காற்றில் விழும் சத்தம்தான். கூச்சமாக இருந்தால் கையை முன்னால் நீட்டிவிட்டால் போதும், பெருந்தொற்றுக்குப் பிறகு அதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் பேராசிரியரைப் பெயர் சொல்லி, நீ என்று ஒருமையில்தான் பேசுவார்கள். நம் பிள்ளைகளுக்கு இது ஆரம்பத்தில் நாக்கில் வராது. ஆனால் அங்கே அளவுக்கு மீறிய மரியாதை ஆளை விலக்கி வைப்பதாகத்தான் தெரியும்.

பெயர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் தமிழர்கள் அங்கே முதலில் மாட்டிக்கொள்வது இதில்தான். ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்: முதலாவது அப்பாவிடமிருந்து, அடுத்தது அம்மாவிடமிருந்து. மரியா கார்சியா லோப்பஸ் என்றால் அப்பா வீட்டுப் பெயர் கார்சியா, அம்மா வீட்டுப் பெயர் லோப்பஸ். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறுவதில்லை, அம்மாவும் மகளும் வேறு வேறு குடும்பப் பெயரோடு இருப்பது அங்கே இயல்பு. இப்போது சட்டப்படி யார் பெயர் முதலில் என்பதைப் பெற்றோர் தாங்களே முடிவு செய்யலாம், அப்பாவின் பெயருக்கு முன்னுரிமை 2017-இல் போய்விட்டது. இதையெல்லாம் வைத்து வடிவமைத்த படிவங்களில் முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும், சில இணையப் படிவங்கள் இரண்டாவதைக் காலியாக விட்டால் நகராது. நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர்தான் இருக்கிறது, ஆகவே வங்கியிலும் மருத்துவமனையிலும் உங்கள் மகளை உங்கள் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். முதலிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பாள். எல்லா ஆவணத்திலும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே ஒரே வரிசையில் எழுத வேண்டும், ஒரு இடத்தில் மாறினாலும் வெளிநாட்டவர் அட்டை வாங்கும்போது அலைச்சல்.

தெருவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. மாலையில் வெயில் தணிந்ததும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி, நல்ல உடை உடுத்தி, எங்கும் போகாமல் சும்மா நடப்பார்கள். இளைஞர்கள் பெஞ்சில் உட்கார்ந்து உப்பிட்ட சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்துத் தின்றுகொண்டிருப்பார்கள், கால்பந்து மைதானத்திலும் ஆட்டம் முடிந்தால் தரை முழுக்க அந்தத் தோல்தான். தெற்கத்திக் கிராமங்களில் கோடை இரவில் பெண்கள் நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டு, அக்கம்பக்கத்தாரோடு நள்ளிரவு வரை பேசுவார்கள், நம் திண்ணைப் பேச்சு அப்படியே. காதிஸ் மாகாணத்தில் அல்கார் என்கிற சிற்றூரின் மேயர் 2021-இல், இந்த வாசல் பேச்சை யுனெஸ்கோ மரபுச் செல்வமாக அங்கீகரிக்க வேண்டும் என்று கிளம்பினார். கைபேசியும் தொலைக்காட்சியும் வந்து அது அழிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அவர் கவலை. எனக்கு அந்த முயற்சி ரொம்பப் பிடித்திருந்தது.

ராத்திரி ஒரு மணிக்கு நகர மையத்தில் குழந்தைகளோடு குடும்பங்கள் ஐஸ்கிரீம் சாப்பிடுவது கோடையில் சாதாரணக் காட்சி. மகள் பின்னிரவில் வீடு திரும்பினாள் என்று கேட்டுப் பயந்துவிட வேண்டாம், அங்கே 11 மணிக்குத்தான் இளைஞர்கள் வீட்டை விட்டே கிளம்புகிறார்கள். கைப்பையையும் கைபேசியையும் மட்டும் கூட்டத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பார்சிலோனாவிலும் மாட்ரிட் சுரங்க ரயிலிலும் திருட்டு உண்டு. அப்புறம், நம்மைப் போலவே அவர்களும் குடும்பத்தை விடாதவர்கள். பிள்ளைகள் பெற்றோர் வீட்டை விட்டுத் தனியாகப் போகும் சராசரி வயதே 30-ஐ ஒட்டி இருக்கிறது. வேலையின்மையும் வாடகையும் அதற்கு முக்கியக் காரணம். பள்ளி விட்டதும் வாசலில் நிற்பவர்களில் பலர் தாத்தா பாட்டிகள்.

கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஃபிளமெங்கோ ஸ்பெயின் முழுவதற்கும் பொதுவான கலை கிடையாது, அது தெற்கே அந்தலூசியாவின் மண்ணில், பெரிதும் ஹித்தானோ என்கிற ஜிப்சி மக்களின் வீடுகளில் வளர்ந்தது. அந்த மக்களின் முன்னோர்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழியியலும் மரபணு ஆய்வும் உறுதி செய்திருக்கின்றன. 1425 ஜனவரியில், சரகோசா இருக்கும் அரகோன் பகுதியின் மன்னர் ஐந்தாம் அல்ஃபோன்சோ கொடுத்த பயண அனுமதிக் கடிதம்தான் அவர்கள் ஸ்பெயினுக்கு வந்ததன் முதல் எழுத்துச் சான்று. அதன் 600-ஆம் ஆண்டு என்பதால் 2025-ஐ ஸ்பெயின் அரசு ஹித்தானோ மக்கள் ஆண்டாக அறிவித்தது. நடுவில் நடந்தது வரவேற்பு மட்டுமில்லை. 1749-இல் அரச உத்தரவின் பேரில் ஆயிரக்கணக்கான ஹித்தானோக்களை ஒரே வீச்சில் பிடித்து, குடும்பங்களைப் பிரித்து அடைத்தார்கள். அந்தத் தொண்டை கிழியும் பாட்டில் இருக்கும் வலி சுற்றுலா மேடைக்காக வந்ததில்லை. கமரோன் தெ லா இஸ்லா பாட, பாகோ தெ லூசியா கித்தார் வாசித்த பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள், மொழி தெரியவே வேண்டாம். ஆனால் வடமேற்கே கலீசியாவில் ஒருவரிடம் போய் ஃபிளமெங்கோ ஆடுவீர்களா என்று கேட்டால் முகம் சுளிப்பார், அங்கே பைக்குழல்தான். கட்டலோனியாவில் கைகோத்து வட்டமாக ஆடும் சர்தானா, உங்கள் மகள் போகிற அரகோனில் குதித்துக் குதித்து ஆடும் ஹோத்தா.

காளைச் சண்டையில் நாடு உண்மையிலேயே பிளவுபட்டிருக்கிறது. கனேரித் தீவுகளில் 1991 முதலே கிடையாது. கட்டலோனிய நாடாளுமன்றம் 2010-இல் தடை போட்டது, 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது, இருந்தாலும் பார்சிலோனாவின் பெரிய அரங்கில் 2011-க்குப் பிறகு ஒரு சண்டைகூட நடக்கவில்லை. காளைச் சண்டைக்கான தேசிய விருதையும் 2024-இல் கலாசார அமைச்சகம் நிறுத்திவிட்டது. இளைஞர்களில் பெரும்பாலோர் அரங்குக்குப் போவதில்லை. இதை ஜல்லிக்கட்டோடு ஒப்பிட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு: அங்கே அரங்கச் சண்டையின் முடிவில் காளையை வாளால் கொல்கிறார்கள், அதுதான் எதிர்ப்புக்குக் காரணமே. ஜல்லிக்கட்டோடு ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் வடக்கிலும் கிழக்கிலும் இளைஞர்கள் கையில் ஒன்றுமில்லாமல் காளை பாய்ந்து வரும்போது உடம்பை வளைத்து விலகியும் அதன் மேலாகத் தாண்டிக் குதித்தும் ஆடும் போட்டி இருக்கிறது, அதில் காளையைக் கொல்வதில்லை, அது கொஞ்சம் பக்கத்தில் வரும். பாம்ப்லோனாவில் ஜூலை 7 முதல் 14 வரை காலை 8 மணிக்கு நடக்கும் காளை ஓட்டம் உலகப் புகழ் பெற்றது. யாராவது கூப்பிட்டால் மகள் வேலிக்கு வெளியே நின்றோ மாடியிலிருந்தோ பார்க்கட்டும், ஓடவே கூடாது. 1910 முதல் 16 பேர் அதில் இறந்திருக்கிறார்கள்.

திருவிழாக்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது, அதனால் எனக்குப் பிடித்த இரண்டை மட்டும். வலென்சியாவில் மார்ச் மாதம் ஃபாயாஸ். ஒவ்வொரு தெருக்காரர்களும் வருடம் முழுக்கக் காசு சேர்த்து, கலைஞர்களை வைத்து, அரசியல்வாதிகளையும் பிரபலங்களையும் கேலி செய்யும் பிரம்மாண்டமான பொம்மைகளைச் சந்தியில் நிறுத்துவார்கள். சில பொம்மைகள் கட்டட உயரத்துக்கு நிற்கும். 19-ஆம் தேதி இரவு எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்கள், மக்கள் வாக்கில் தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு பொம்மைகள் மட்டும் தப்பித்து அருங்காட்சியகம் போகும். முதல் தேதியிலிருந்தே தினமும் மதியம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் வெடி வெடிப்பார்கள். அது கண்ணுக்கான வாணவேடிக்கை இல்லை, தாளக்கட்டோடு ஏறிக்கொண்டே போகும் சத்தம், கடைசி நிமிடத்தில் நெஞ்செலும்பு அதிரும். சரகோசாவிலிருந்து போய்வருகிற தூரம்தான், தவறவிட வேண்டாம்.

இன்னொன்று கிறிஸ்துமஸ் லாட்டரி, 1812-இல் காதிஸில் தொடங்கியது. டிசம்பர் 22 காலை மாட்ரிட்டில் சான் இல்தெஃபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பெரிய கூண்டுகளிலிருந்து உருளும் மரக் குண்டுகளை எடுத்து எண்ணையும் பரிசையும் பாட்டாகப் பாடுவார்கள், மணிக்கணக்கில். அன்று காலை எந்த பாரிலும் அலுவலகத்திலும் அந்த ராகம்தான் ஒலிக்கும். ஒரு எண்ணின் பத்தில் ஒரு பங்குச் சீட்டு 20 யூரோ, முதல் பரிசு விழுந்தால் அந்தப் பங்குக்கு 4 லட்சம் யூரோ. இது தனி ஆளாகப் பணக்காரர் ஆகும் ஆசையில் நடக்கிற சூதாட்டம் மட்டும் இல்லை. அலுவலகத்தில் ஒரே எண்ணை எல்லோரும் வாங்குவார்கள், பாரில் ஒரு எண், கால்பந்து சங்கத்துக்கு ஒரு எண், அம்மா வாங்கிய சீட்டில் பிள்ளைகளுக்கும் பங்கு. கூட வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும் விழுந்து தனக்கு மட்டும் விழாமல் போனால் எப்படி இருக்கும் என்கிற பயத்திலேயே வாங்குகிறவர்கள் பலர். சரகோசாவுக்குப் பக்கத்தில், உவெஸ்கா மாகாணத்தில் சொதேத்தோ என்கிற குக்கிராமம். 2011-இல் அந்த ஊர் இல்லத்தரசிகள் சங்கம் வீடு வீடாக விற்ற எண்ணுக்கு முதல் பரிசு விழுந்தது, வறண்ட பூமியில் விவசாயம் செய்து கடனில் இருந்த ஊரில் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் பணம் வந்தது. அந்த மாதிரிக் கதைகளுக்காகத்தான் ஜனங்கள் வருடாவருடம் வாங்குகிறார்கள். ஒன்றும் விழாதவர்கள் "உடம்பு நன்றாக இருக்கிறதே, அது போதும்" என்று சொல்லிக்கொள்வார்கள், அந்த நாளுக்கே ஆரோக்கிய தினம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் மகளிடம் ஆய்வகத்திலோ வகுப்பிலோ யாராவது பங்குக்குக் கேட்டால் அதை ஒரு நட்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு புத்தாண்டு இரவு 12 மணிக்கு மாட்ரிட்டின் புயெர்த்தா தெல் சோல் கடிகாரம் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சை, மொத்தம் 12, மூன்று நொடிக்கு ஒன்று. முன்னால் வரும் கால்மணி ஒலிகளைக் கேட்டு அவசரப்பட்டுத் தொடங்கிவிடக் கூடாது. பரிசுகள் டிசம்பர் 25-இல் வருவதைவிட ஜனவரி 6-இல்தான் அதிகம், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் ஒட்டகத்தில் கொண்டுவருவதாக ஐதீகம். பிள்ளைகள் முந்தின இரவு காலணியை ஜன்னலோரம் வைத்து, ஒட்டகத்துக்குத் தண்ணீரும் வைப்பார்கள். அன்று வெட்டும் வட்டமான ரொட்டிக்குள் ஒரு சின்ன பொம்மையும் ஒரு மொச்சைக் கொட்டையும் ஒளிந்திருக்கும், கொட்டை யார் துண்டில் வருகிறதோ அவர் ரொட்டிக்குக் காசு கொடுக்க வேண்டும். ஏமாற்று தினம் ஏப்ரல் 1 கிடையாது, டிசம்பர் 28. அபசகுன நாள் வெள்ளிக்கிழமை 13 இல்லை, செவ்வாய்க்கிழமை 13.

செப்டம்பரில் போகிறாள் என்பதால் முதல் பெரிய விழாவாக அவளுக்குக் கிடைப்பது சரகோசாவின் சொந்த விழாதான், அக்டோபர் 12-ஐ ஒட்டி வரும் பிலார் மாதா திருவிழா. அந்த ஊரில் பிலார் என்று பெயர் வைத்த பெண்கள் ஏராளம். ஒரு வாரத்துக்கு மேல் நகரம் தூங்காது, பெரிய தலை மாட்டிய வேடக்காரர்கள் சாட்டையோடு குழந்தைகளைத் துரத்துவார்கள், ஒவ்வொரு சதுக்கத்திலும் ஹோத்தா. 12-ஆம் தேதி மக்கள் தத்தம் பாரம்பரிய உடையில் பூக்களோடு விடியற்காலையிலிருந்து வரிசையாக நடந்து வந்து, பேராலயத்துக்கு முன்னால் நிறுத்திய உயரமான சட்டத்தில் அந்தப் பூக்களைச் சேர்ப்பார்கள், நாள் முடிவதற்குள் அது மாதாவின் பூ ஆடையாக மாறியிருக்கும். 1958-இல் தொடங்கிய வழக்கம். வெளிநாட்டவர்களும் தங்கள் நாட்டு உடையில் அந்த வரிசையில் நடக்கிறார்கள், மதம் யாரும் கேட்பதில்லை. குழுவாகச் சேர முன்பதிவு வேண்டும், அதனால் போன உடனேயே பல்கலைக்கழகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் ஒரு பட்டுப்புடவையும், எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வீசும் சியெர்சோ என்கிற குளிர்காற்றுக்குக் காற்றுப் புகாத நல்ல கோட்டு ஒன்றும் வைத்து அனுப்புங்கள்.